கிரீன்பெல்ட் காணியைத் திறந்திருந்தால் எங்கள் பிள்ளைகளுக்கு வீடு கிடைத்திருக்குமா?

பருத்தித்துறையான் (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். நான் ரொறொன்ரோவுக்குக் கிழக்கே ஏஜாக்ஸில் இருக்கிறேன். இங்கே விசயம் தெரிந்த ஆக்கள் இருப்பதால் கேட்கிறேன்.

அண்மையில் ஒரு கொண்டாட்டத்தில் கதை வீட்டு விலைக்கு வந்தது. அப்படியே கிரீன்பெல்ட்டுக்கும் போனது, அதாவது ரொறொன்ரோவைச் சுற்றி, வீடு கட்ட விடாமல் ஒன்ராறியோ மாகாணம் சட்டத்தால் பூட்டி வைத்திருக்கும் வயல், காடு, ஓடை நிலங்களுக்கு. எங்கள் மேசையில் இருந்த ஒருவர் சொன்னார்: “2022இல் திறந்த கிரீன்பெல்ட் காணியைத் திரும்பப் பூட்டாமல் விட்டிருந்தால் 50,000 வீடு வந்திருக்கும். அதைத் தடுத்தவர்கள் எல்லாம் சொந்த வீட்டில் குந்தியிருக்கிறவர்கள். உங்கள் மகன் பேஸ்மென்டில் கிடக்கிறான் என்றால் அதற்கு நீங்கள்தான் பொறுப்பு.” நாலைந்து பேர் தலையாட்டினார்கள். நான் வாய் திறக்கவில்லை. அவர் சொன்னதில் ஒரு பகுதி என் வீட்டில் நடக்கிற கதை.

மகனுக்கு 31 வயது. நல்ல வேலை. மனைவி, ஒன்றரை வயதுப் பெண்குழந்தை. மூவரும் எங்கள் பேஸ்மென்டில்தான். முன்பணம் சேர்க்கச் சேர்க்க வீடு எட்டி எட்டிப் போகிறது. பேத்தி எங்களோடு இருப்பது எனக்குச் சந்தோசம். ஆனால் அந்தச் சின்ன யன்னலுக்குக் கீழே அவள் விளையாடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்கும் மருமகளின் முகத்தை என்னால் பார்க்க முடிவதில்லை.

இன்னொரு பக்கம், 2022 நவம்பரில் எதிர்ப்பு மனுவில் கையெழுத்துப் போட்டவன் நான். எங்களுடையது வடமராட்சியில் வெங்காயமும் புகையிலையும் செய்த குடும்பம். மார்க்கத்திலிருந்து ஸ்டீல்ஸ் வழியே கிழக்கே வந்து, யோர்க்–டூரம் பிராந்திய எல்லையைத் தாண்டித் தோன்டன் வீதியில் ஏறினால் இரண்டு பக்கமும் சோளமும் சோயாவும் நிற்கும். வசந்த காலத்தில் உழுது போட்டிருக்கும்போது ஒருநாள் காரை ஓரம் கட்டிவிட்டு இறங்கி ஒரு பிடி மண் எடுத்துப் பார்த்தேன். கறுத்த மண், ஈரத்தோடு கைக்குள் உருண்டது. நாங்கள் ஊரில் கல்லுப் பொறுக்கி, எருப் போட்டு, கிணற்றிலிருந்து இறைத்துத்தான் ஒரு துண்டுத் தோட்டத்தைத் தோட்டமாக்கினோம். அப்படிப்பட்டவனுக்கு அந்த மண்ணின் மேல் சீமெந்து ஊற்றுவதை நினைத்தால் வயிறு எரிகிறது.

இரண்டு கேள்வி. அந்த மனுசன் சொன்ன கணக்குச் சரியா, அதாவது அந்தக் காணியில் வீடு கட்டியிருந்தால் என் மகனுக்கு ஒன்று கிடைத்திருக்குமா? இன்னொரு தடவை இப்படி ஒன்று வந்தால் எதிர்க்கத்தான் வேண்டுமா? எதிர்ப்பதென்றால் மகனிடம் நான் என்ன சொல்வது?

சாவிக்கொத்து

அண்ணை, நான் வீடு விற்பனை முகவர். அந்த மேசையில் இருந்திருந்தால் நானும் தலையாட்டியிருப்பேன். மனம் நோகாமல் கேளுங்கள்.

உங்கள் மகனைப் போன்ற சோடிகளோடுதான் என் சனி, ஞாயிறு போகிறது. இரண்டு சம்பளம், ஒரு பிள்ளை, ஒழுங்கான சேமிப்பு. அவர்கள் கேட்பது மூன்று அறை, ஒரு துண்டு முற்றம். அதைக் காட்ட என்னிடம் ஒன்றும் இல்லை. இருப்பதன் விலையைச் சொன்னால் காருக்குள் ஏறும்வரை பேச மாட்டார்கள்.

இப்போது நீங்கள் இருக்கும் ஏஜாக்ஸ் வீடும் ஒருகாலத்தில் தோட்டக் காணிதானே? மார்க்கம், பிரம்டன், ஸ்காபரோ எல்லாம் அப்படித்தான் வந்தன. நாங்கள் வந்து இறங்கியபோது எங்களுக்குத் திறந்த கதவை எங்களுக்குப் பின்னால் வருகிறவர்களுக்குச் சாத்துவது நியாயமா? கிரீன்பெல்ட் முழுவதும் ஏறக்குறைய 20 இலட்சம் ஏக்கர். எடுக்க நினைத்தது 7,400 ஏக்கர். அரை வீதம்கூட இல்லை. அதற்குப் பதிலாக வேறு இடத்தில் 9,400 ஏக்கர் சேர்க்கிறோம் என்றும் சொன்னார்கள். கூட்டிக் கழித்தால் கிரீன்பெல்ட் பெருத்திருக்கும். இதில் என்ன நட்டம் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. விளங்கப்படுத்தினால் கேட்கத் தயார்.

குழாய்க்காரன்

சாவிக்கொத்து நேர்மையாகக் கேட்டிருக்கிறார், அதனால் நீளமாகவே எழுதுகிறேன். நான் நிலத்துக்குக் கீழே வேலை செய்கிறவன். புதுக் குடியிருப்புகளுக்குக் குடிநீர், கழிவுநீர்க் குழாய்கள் போடும்போது மேற்பார்வை பார்ப்பது என் தொழில். புது வீடு வந்தால்தான் எனக்கும் சம்பளம். அப்படியிருந்தும் கிரீன்பெல்ட்டில் கை வைப்பதை நான் முழுமனதோடு எதிர்க்கிறேன்.

முதலில் நடந்ததைச் சொல்ல வேண்டும், இடையில் கதை குழம்பிப் போய்விட்டது. கிரீன்பெல்ட் சட்டம் 2005இல் வந்தது. 2022 ஒக்டோபர் 24 உள்ளூராட்சித் தேர்தல். புதுச் சபைகள் பதவி ஏற்பதற்கு முன்பே, நவம்பர் 4ஆம் திகதி, 15 இடங்களைக் கிரீன்பெல்ட்டிலிருந்து எடுக்கும் யோசனையை மாகாண அரசு வெளியிட்டது. கருத்துச் சொல்ல 30 நாள். 35,000க்கும் மேற்பட்ட கருத்துகள் வந்தன, பெரும்பாலானவை எதிர்ப்பு. டிசம்பரில் காணியை எடுத்துவிட்டார்கள். 2023 ஓகஸ்டில் கணக்காய்வாளர் நாயகம் பொனி லைசிக்கின் அறிக்கை வந்தது. எடுத்த பரப்பில் 92 வீதம், இரண்டு டெவலப்பர்கள் வீடமைப்பு அமைச்சரின் அலுவலகத் தலைமை அதிகாரியிடம் கொடுத்த விபரங்களில் இருந்த 5 இடங்களுக்குள் அடங்கியது. ஒரு சின்னக் குழு, மூன்று கிழமை அளவில், வாய் திறக்க மாட்டோம் என்று ஒப்பந்தம் எழுதிக் கொடுத்துவிட்டு இடங்களைத் தெரிவு செய்தது. விவசாயம், சுற்றுச்சூழல் பற்றிய அளவுகோலில் இடங்கள் தேறாதபோது அந்த அளவுகோலையே விட்டுவிட்டார்கள். செப்டம்பர் 4 வீடமைப்பு அமைச்சர் ஸ்டீவ் கிளார்க் பதவி விலகினார். செப்டம்பர் 21 முதல்வர் டக் ஃபோர்ட் நயாகரா ஃபோல்ஸில் நின்று, கிரீன்பெல்ட்டைத் தொட மாட்டேன் என்ற வாக்கை மீறிவிட்டேன் என்று மன்னிப்புக் கேட்டார். அந்த வருச டிசம்பரில் 15 இடங்களும் சட்டப்படி திரும்பின.

சரி, அந்த 50,000 வீடு. அது அரசு சொன்ன இலக்கு. கையில் இருந்த வீடு அல்ல.

ஒரு வயலில் வீடு வருவதென்றால் முதலில் கழிவு போக வழி வேண்டும். கழிவுநீர் தன் பாரத்தில் ஓட வேண்டியது. அதனால் குழாய் மெல்லிய சரிவிலேயே போக வேண்டும், மில்லிமீற்றர் கணக்கில் பார்த்துத்தான் இறக்குவோம். தூரம் கூடக் கூடப் பள்ளம் ஆழமாகும். ஒரு கட்டத்துக்கு மேல் வெட்ட முடியாது, அங்கே பம்பிங் நிலையம் கட்டி மேலே ஏற்றித் திரும்ப விட வேண்டும். அப்புறம் இந்தச் சின்னக் குழாய்கள் போய்ச் சேரப் பெரிய குழாய் வேண்டும், பெரிய குழாய் போய்ச் சேரச் சுத்திகரிப்பு நிலையம் வேண்டும். டூரத்தின் மேற்குப் பக்கமும் யோர்க்கும் சேர்ந்து பாவிப்பது பிக்கரிங் ஏரிக்கரையில் இருக்கும் டஃபின் கிரீக் நிலையம். நாளொன்றுக்கு 63 கோடி லீற்றர் அதன் கொள்ளளவு. பெரிய எண்தான், ஆனால் ஏற்கெனவே அங்கீகாரம் பெற்ற திட்டங்கள் எல்லாம் அதில் தங்கள் பங்குக்கு வரிசையில் நிற்கின்றன. வீதி வெட்டி, விளக்குக் கம்பம் நட்டு, தெருப் பெயர்கூடப் போட்டுவிட்டு, இணைப்புக் கிடைக்காமல் புல் முளைத்துக் கிடந்த தளத்தில் நான் வேலை பார்த்திருக்கிறேன். காணி இருந்தது. வாங்க ஆக்களும் இருந்தார்கள். வீடு வரவில்லை.

இதை நான் மட்டும் சொல்லவில்லை. இதே அரசு நியமித்த வீட்டு விலைச் செயற்குழு 2022 பெப்ரவரியில் கொடுத்த அறிக்கையில், காணித் தட்டுப்பாடு இந்தப் பிரச்சினைக்குக் காரணம் அல்ல, நகரங்களுக்குள்ளும் கிரீன்பெல்ட்டுக்கு வெளியிலும் காணி இருக்கிறது என்று எழுதியது. டூரம், யோர்க், ஹமில்டன் மூன்று இடத்துத் திட்டமிடல் தலைவர்களும் வீட்டு இலக்கை எட்ட கிரீன்பெல்ட் காணி தேவையில்லை என்றுதான் கணக்காய்வாளரிடம் சொன்னார்கள். பருத்தித்துறையான் அண்ணை சொன்ன அந்தத் தோன்டன் வீதி வயலுக்குக் கிழக்கே சீட்டன் என்ற புது நகரம் எழும்புகிறது. 70,000 பேர் வரை குடியிருக்க 2006இலேயே திட்டம் போட்ட இடம். இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். திறந்து விட்ட காணியில் கட்டி முடிக்காமல் பூட்டிய காணியை ஏன் கேட்க வேண்டும்?

பணம் இருக்கிறது அங்கே, அதனால்தான். விவசாயக் காணி என்று சட்டம் பூட்டி வைத்திருந்ததால் அதன் விலை குறைவு. பூட்டைக் கழற்றினால் அந்த 15 இடங்களின் சொந்தக்காரர்களுக்கு 8.3 பில்லியன் டொலருக்கு மேல் பெறுமதி கூடக்கூடும் என்பது கணக்காய்வாளர் அறிக்கையில் உள்ள மதிப்பீடு. ஒரு செங்கல் வைக்க முதலே. அதில் ஒரு சதம் உங்கள் மகனின் மோட்கேஜில் குறைந்திருக்காது. வீடு சந்தை தாங்கும் விலைக்குத்தான் போகும். மலிவாகக் காணி எடுத்தவர் அதற்காக மலிவாக வீடு விற்றதை இத்தனை தளத்தில் நான் ஒன்றிலும் காணவில்லை.

சாவிக்கொத்து, உங்கள் அரை வீதக் கணக்குக்கு வருகிறேன். எந்த அரை வீதம் என்று பாருங்கள். 7,400 ஏக்கரில் பாதிக்கு மேல் பிக்கரிங்கில் உள்ள டஃபின்ஸ்–ரூஜ் விவசாயக் காப்புநிலம். ரூஜ் தேசிய நகர்ப்புறப் பூங்காவோடு ஒட்டியது. இந்தக் கட்டுமானம் பூங்காவின் வனவிலங்குக்கும் இயற்கைக்கும் மீட்க முடியாத சேதம் விளைவிக்கக்கூடும் என்று பூங்காவை நடத்தும் மத்திய அரசு நிறுவனமே எச்சரித்தது. அந்த ஓடைகளில் ரெட்சைட் டேஸ் என்று ஒரு சின்ன மீன் இருக்கிறது, விலாவில் சிவப்புக் கோடு போட்டது, பூச்சி பிடிக்க நீருக்கு மேலே துள்ளும். அழியும் நிலையில் உள்ள இனம். குளிர்ந்த, தெளிந்த நீர் இல்லாமல் அது இல்லை. கட்டுமானத் தளத்திலிருந்து ஒரு மழைக்கு ஓடிப் போகும் சேற்றைத் தடுக்க நாங்கள் கறுத்த துணி வேலி அடிப்போம். நல்ல மழைக்கு அது தாங்காது. அதைத் தினமும் பார்க்கிறவன் சொல்கிறேன்.

அந்தக் காணிக்கு ஒரு வரலாறும் உண்டு. 1970களில் மாகாண அரசு சுவீகரித்தது. பிறகு 1999 அளவில், குத்தகைக்கு உழுதுகொண்டிருந்தவர்களுக்கு விவசாய விலைக்கு விற்றது. விலை குறைவு, ஏனென்றால் என்றென்றும் விவசாயத்துக்கே என்று காணி உறுதிப் பத்திரத்திலேயே எழுதிக் கொடுத்தார்கள். 2005இல் பிக்கரிங் நகரசபை அந்தக் கட்டுப்பாட்டை நீக்கப் பார்த்தது. மாகாண அரசு தனிச் சட்டம் போட்டுக் காப்பாற்றியது. 2022இல் அந்தச் சட்டத்தையும் நீக்கினார்கள், 2023இல் திரும்பக் கொண்டுவந்தார்கள். என்றென்றும் என்று எழுதியதற்கு இது கதி என்றால், பக்கத்து வயல் விவசாயி எதை நம்பி நிலத்துக்குக் கீழே வடிகால் குழாய் புதைப்பார்? அந்தச் செலவு திரும்பி வரப் பல வருசம் எடுக்கும். பூட்டு எப்போது வேண்டுமானாலும் கழரும் என்றால் நிலத்தை உழுகிறவர் வாங்க மாட்டார், கழரும் நாளுக்குக் காத்திருக்கிறவர்தான் வாங்குவார். எடுத்த ஏக்கர்களோடு நட்டம் நிற்காமல், எடுக்காத 20 இலட்சம் ஏக்கரிலும் விழுவது இப்படித்தான்.

சேர்ப்பதாகச் சொன்ன 9,400 ஏக்கரிலும் ஒரு பகுதி நகரத்துக்குள் ஓடும் ஆற்றுப் பள்ளத்தாக்குகள். வெள்ளம் வரும் பள்ளத்தில் ஏற்கெனவே வீடு கட்ட விட மாட்டார்கள். கட்ட முடியாத இடத்தைக் கொடுத்துவிட்டு முதல்தர விளைநிலத்தை எடுத்தால் ஏக்கர்க் கணக்குச் சரியாக வரும், நிலக் கணக்கு வராது. கனடாவின் முதல்தர மண்ணில் பாதிக்கு மேல் இருப்பது ஒன்ராறியோவில். 2016க்கும் 2021க்கும் இடையில் இந்த மாகாணம் நாளொன்றுக்குச் சராசரி 319 ஏக்கர் விவசாய நிலத்தை இழந்தது. ஸ்காபரோவும் மார்க்கமும் விவசாயக் காணியில் வந்தவை என்பது உண்மை. அப்படி எழும்பிய பிறகு மிஞ்சி நிற்பது இவ்வளவுதான், அதைத்தான் காக்கக் கேட்கிறோம்.

பருத்தித்துறையான்

குழாய்க்காரன் தம்பி, மிக்க நன்றி. 1999இல் உறுதியில் எழுதிக் கொடுத்த கதை எனக்குப் புதுசு. ஆனால் என் இரண்டாவது கேள்வி அப்படியே நிற்கிறது. அந்தக் காணி வேண்டாம் என்று மகனுக்கு விளங்கப்படுத்திவிடுவேன். “அப்ப எங்கே?” என்று கேட்பானே.

ஓடைக்கரை

நான் ஏஜாக்ஸ் தெற்கில், கரதர்ஸ் ஓடைக்குப் பக்கத்தில் இருக்கிறேன். பனி உருகும் காலத்தில் என் சமையலறை யன்னலால் பார்த்தால் ஓடை தேத்தண்ணி நிறத்தில், கரையில் நிற்கும் மரங்களின் இடுப்புக்கு ஓடும். இரண்டு மூன்று நாளில் வடியும். வடிவது ஏனென்றால் மேலே, பிக்கரிங்கின் வடகிழக்கில், அந்த ஓடை பிறக்கும் இடம் இன்னும் வயலும் பற்றையும் சதுப்புமாக இருக்கிறது. மழையை அது குடித்து வைத்துக்கொண்டு மெல்ல விடுகிறது.

பலருக்குத் தெரியாதது, அந்தத் தலைப்பகுதி கிரீன்பெல்ட்டுக்குள் இல்லை. நகரத்துக்கும் கிரீன்பெல்ட்டுக்கும் நடுவில் விடப்பட்ட வெள்ளைப் பகுதி என்பார்களே, அதற்குள் வருகிறது. அங்கே பெரிய குடியிருப்புக்குத் திட்டம் நடக்கிறது. அங்கே கட்டினால் கீழே ஏஜாக்ஸில் வெள்ளம் கூடும் என்று ஓடைக்கான நீரேந்துத் திட்டமே, அதாவது ஓடைக்கு மழைநீர் வந்து சேரும் நிலம் முழுவதையும் பற்றிய திட்டமே, சொல்கிறது. அதைப் பாதுகாக்கச் சொல்லி ஏஜாக்ஸ் நகரசபை கேட்டது. வீடு வருவது ஒரு ஊரில், தண்ணீர் வருவது இன்னொரு ஊரில். அதனால் கிரீன்பெல்ட் என்ற கோட்டுக்குள் இருப்பதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் போதாது.

1954 ஒக்டோபரில் ஹேசல் சூறாவளி வந்தபோது இந்த மாகாணத்தில் 81 பேர் இறந்தார்கள். ஹம்பர் ஆற்றங்கரையில் ரேமோர் டிரைவ் என்ற ஒரே தெருவில் 35 பேர். அதற்குப் பிறகுதான் வெள்ளப் பள்ளங்களில் வீடு கட்டக் கூடாது என்று அந்த நிலங்களைப் பொதுக் கையில் எடுத்தார்கள். ரொறொன்ரோவில் நாங்கள் பிள்ளைகளைக் கூட்டிப் போய் நடக்கும் பள்ளத்தாக்குப் பூங்காக்கள் பல அப்படி வந்தவை.

இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. என் தாய்வீட்டுக் காணி வலிகாமம் வடக்கில் இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போனது. உறுதி அம்மாவின் பெட்டிக்குள் இருந்தது, காணிக்குள் கால் வைக்க முடியாது. அதனால் பிக்கரிங்கில் 1972இல் விமான நிலையத்துக்கென்று 18,600 ஏக்கரைச் சுவீகரித்து, வீடுகளை இடித்து, குடும்பங்களை எழுப்பிய கதையை நான் சும்மா வாசித்துவிட்டுப் போக முடியவில்லை. அங்கே இருந்தவர்கள் எதிர்த்தார்கள். அவர்களுக்குப் பிறகு வந்தவர்களும் விடவில்லை. விமான நிலையம் வரவே இல்லை. 2025 ஜனவரியில் அப்போதைய மத்திய போக்குவரத்து அமைச்சர் அனிதா ஆனந்த் அந்தத் திட்டத்தைக் கைவிடுவதாக அறிவித்தார். மிச்சக் காணியை ரூஜ் பூங்காவோடு சேர்ப்பது பற்றிப் பேசுகிறார்கள். ஐம்பது வருசத்துக்கு மேல் ஆக்கள் கூட்டம் கூட்டமாகப் போய்ப் பேசி, எழுதி, மறித்துத்தான் அந்த வயல் இன்றைக்கும் வயலாகக் கிடக்கிறது. கையெழுத்துப் போட்டு என்ன ஆகப் போகிறது என்று யாரும் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன்.

சாவிக்கொத்து

குழாய்க்காரன், பணம் எங்கே போகும் என்று நீங்கள் சொன்னது சரி. மறுக்க என்னிடம் ஒன்றும் இல்லை. ஆனால் அண்ணையின் “அப்ப எங்கே?” என்ற கேள்விதான் எனக்கும். அடுக்குமாடிக் கொண்டோ என்று சொல்லிவிடாதீர்கள். ஒரு அறையும், படுக்கை போட்டால் கதவு திறக்காத இன்னொரு அறையும் உள்ள கொண்டோவைக் குழந்தை உள்ள தாய்க்குக் காட்ட எனக்கு மனம் வராது.

குழாய்க்காரன்

நியாயமான பேச்சு. அந்தக் கொண்டோக்கள் குடும்பத்துக்கென்று கட்டப்பட்டவை அல்ல. இங்கே கட்டியதெல்லாம் இரண்டு வகைதான்: வயலில் தனிவீடு, வானத்தில் பெட்டி. நடுவில் உள்ளதைப் பல வருசமாகச் சட்டமே தடுத்தது. நாலு வீடு கொண்ட மூன்று மாடிக் கட்டடம், தொடர்வீடு, மேலும் கீழுமாக இரண்டு குடும்பம், இவற்றைத்தான் சொல்கிறேன். ரொறொன்ரோ நகரசபை 2023 மே மாதம்தான் எந்தக் குடியிருப்புத் தெருவிலும் நாலு வீட்டுக் கட்டடம் கட்டலாம் என்று அனுமதித்தது. மூன்று அறையோடு, கீழ்மாடியில் ஒரு வாசலோடு அப்படிக் கட்ட முடியும்.

இடம் எங்கே என்றால், குழாய் ஏற்கெனவே வாசலில் நிற்கும் இடங்களில். ஏஜாக்ஸிலும் பிக்கரிங்கிலும் ரயில் நிலையத்தைச் சுற்றித் தரையோடு கிடக்கும் கார்த் தரிப்பிடங்களைப் பாருங்கள். பாதிக் கடை மூடிய பிளாசாக்களின் முன்வெளியைப் பாருங்கள். அங்கே தண்ணீர், கழிவு, மின்சாரம், பஸ் எல்லாம் இருக்கிறது. நான் போய் இணைப்பைக் கொடுத்தால் போதும். வயலில் ஒரு கிலோமீற்றர் குழாய்க்கு முற்றம் வைத்த தனிவீடுகள் கொஞ்சம்தான் வரும். இங்கே அதே நீளத்தில் அதன் பல மடங்கு குடும்பம் வரும். அந்தக் குழாயைப் பிறகு காலம் முழுக்கத் திருத்துவதும் நகரசபை வரியில்தான். வீடு குறைந்த தெருவில் ஒவ்வொரு வீட்டுத் தலையிலும் அது கூடுதலாக விழும். உங்கள் மகனுக்கு வீடு கிடைத்த பிறகும் அந்தக் கணக்கு அவரை விடாது.

இனி எதிர்ப்பது எப்படி என்று. 2023 டிசம்பர்ச் சட்டத்துக்குப் பிறகு கிரீன்பெல்ட் எல்லையை அமைச்சரவை தன்பாட்டில் மாற்ற முடியாது, ஒரு சட்டமூலமாக மாகாணச் சட்டசபைக்கு வர வேண்டும். அதனால் நிம்மதியாகத் தூங்கலாம் என்று இல்லை. 2025 ஜூனில் நிறைவேறிய சட்டமூலம் 5, சிறப்புப் பொருளாதார வலயம் என்று ஒரு இடத்தை அறிவித்து அங்கே மாகாணச் சட்டங்களிலிருந்தே விலக்குக் கொடுக்க அரசுக்கு அதிகாரம் தருகிறது. ஆகவே கண் திறந்திருக்க வேண்டும். மாகாணச் சுற்றுச்சூழல் பதிவேட்டில் யோசனைகள் வரும்போது கருத்துப் போடுங்கள். யாரோ எழுதிக் கொடுத்ததை அப்படியே ஒட்டாமல் உங்கள் சொல்லிலேயே எழுதுங்கள். எந்த வீதியில் எந்த வயல், அங்கே நீங்கள் கண்ணால் கண்டது என்ன, அந்த மண் என்ன தரம், கழிவு எந்தக் குழாயில் போகப் போகிறது, இதே நகரத்துக்குள் வேறு எந்தக் காணி சும்மா கிடக்கிறது என்று கேளுங்கள். ஒரு பிடி மண் எடுத்துப் பார்த்ததைக் கேள்வியில் எழுதினீர்களே, அதையும் எழுதுங்கள். உங்கள் மாகாணசபை உறுப்பினருக்கு எழுதும்போது தபால் குறியீட்டை மேலே போடுங்கள், தன் தொகுதி ஆள் என்று தெரிந்தால்தான் கவனிப்பார்கள்.

நகரசபையில் பேச சில நிமிசம் தருவார்கள், முன்கூட்டியே நகரசபை எழுத்தர் அலுவலகத்தில் பெயர் பதிய வேண்டும். அங்கே மகனையும் கூட்டிக்கொண்டு போங்கள். கிரீன்பெல்ட்டைத் திறப்பதை எதிர்த்துப் பேச மட்டும் அல்ல, ரயில் நிலையத்தடியில் மூன்று அறை வீடு கட்டச் சொல்லிக் கேட்கவும். பக்கத்தில் நாலு மாடி எழும்பப் போகிறது என்றால் “நிழல் விழும், கார் கூடும்” என்று மறிக்க வருகிறவர்களில் எங்கள் ஆக்களும் இருக்கிறார்கள். வயலையும் காக்க வேண்டும், தெருவிலும் ஒன்றும் வரக் கூடாது என்று நின்றால் அந்த மேசையில் இருந்த மனுசன் சொன்னது உண்மையாகிவிடும்.

பருத்தித்துறையான்

கடைசிப் பந்தியை மகனுக்கு வாசித்துக் காட்டினேன். அவன் உடனே போனை எடுத்து ரயில் நிலையத்தடித் தரிப்பிடத்தின் படத்தைப் பெருப்பித்துப் பார்க்கத் தொடங்கிவிட்டான். மருமகள் கேட்டது வேறு: அப்படிக் கட்டினால் மூன்று அறை வீடு இத்தனை வேண்டும் என்று நகரசபை கட்டாயப்படுத்த முடியுமா, இல்லை கட்டுகிறவர் விருப்பமா? அதற்கும் யாராவது பதில் தெரிந்தால் எழுதுங்கள். திட்டமிடல் குழுவின் அடுத்த கூட்டத்துக்கு மூவர் பெயரும் கொடுக்கப் போகிறோம்.

ஓடைக்கரை தங்கச்சி, அந்த நீரேந்துத் திட்டம் எங்கே வாசிக்கலாம் என்று சொல்லுங்கள். கூட்டத்துக்குப் போக முதல் பார்த்துவிட வேண்டும்.